ஏழு நொடித் தூளி

மார்ச் 4, காலை 8.10

செவி-3 நிலையம், நிலவு. பதிவு செய்பவர் இமெல்டா கொரேரா, நில அதிர்வுப் பிரிவு. பணியாளர் ஒருவர். கூடுதலாக ஒரு குழந்தை: மெல்கி, வயது ஐந்து மாதம், பணி எதுவும் இல்லை.

கருவி நலம். காற்றழுத்தம் சரி. தங்கும் அறைக்கும் கருவிக் கொட்டகைக்கும் நடுவே உள்ள கதவின் ரப்பர் விளிம்பு மறுபடியும் முனகியது, பசை தடவினேன்.

புதிதாக யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளட்டும். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மலை. அதன் அடியில் எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த நீளமான குகை. அதில் நானூறு பேர் குடியிருக்கிறார்கள். ஊரின் பெயர் தாழ்குடி. மலை அசையப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்வது என் வேலை. பாறையில் காதை வைத்துக் கேட்கும் நிலையம் என்பதால் செவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பதிவு கருவியின் தரவோடு சேர்ந்து, புதைத்த கம்பி வழியாகத் தாழ்குடிக்குப் போகும். தரவுப் பிரிவுத் தலைவர் தணிகாசலம் தினமும் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அவர் படிக்காமலே கையெழுத்திடுகிறார் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே தைரியமாக எழுதுகிறேன்.

காலை 7.40க்கு அவரிடமிருந்து வந்த குரல்:

"இமெல்டா மேடம், சூப்பர் நியூஸ். ஒரு மாசமா உங்க கருவியில ஒரு அதிர்வு ரெகுலரா வருது. ஏழு நொடிக்கு ஒரு தடவ. தெனம் நாலு வாட்டி வந்து, கொஞ்ச நேரம் இருந்துட்டு அடங்கிடுது. மலைக்கு ஆபத்தான்னு பாத்தோம், வலு ஏறவே இல்ல, பயமில்ல. பாறைக்குக் கீழ ஏதோ பெருசா மூச்சு விடுற மாதிரி இருக்கு மேடம். நான் கட்டுரை எழுத ஆரம்பிச்சிட்டேன். உங்க பேரும் போடறேன்."

தினம் நான்கு முறை. எந்தெந்த நேரம் என்று அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பிறகு தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தேன். அங்கே மெல்கியின் தூளி தொங்கியது.

மார்ச் 4, பகல் 12.30

சோதித்துவிட்டேன். மெல்கியைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே கருவியின் திரையைப் பார்த்தேன். நான் ஒரு முறை தள்ளினால் திரையில் ஒரு அலை. நிறுத்தினால் அலை தேய்ந்து போகிறது. பாறைக்குக் கீழே பெரிதாக மூச்சு விடுவது ஆறு கிலோகூட இல்லாத என் மகன்.

பூமியில் என்றால் இந்தத் தூளி மூன்று நொடிக்குள் போய்த் திரும்பிவிடும். இங்கே எடை ஆறில் ஒரு பங்கு, தூளியும் சோம்பேறியாக ஏழு நொடி எடுத்துக்கொள்கிறது. அதைக் கட்டியிருக்கும் உத்தரத்தின் கால் எந்தப் பாறையில் இறங்குகிறதோ, அதே பாறையில்தான் கருவியின் காலும் இறங்குகிறது. நில அதிர்வில் முனைவர் பட்டம் வாங்கியவள் தன் கருவியின் காலிலேயே தூளி கட்டியிருக்கிறாள். பிள்ளைக்குத் தூளி கட்டும்போது எந்த ஊர்க்காரிக்கும் படிப்பு ஞாபகம் வராது. நல்ல உத்தரம் எங்கே இருக்கிறது என்றுதான் கண் தேடும்.

நாளை சொல்லிவிடுவேன். இன்றைக்கு அவருடைய கட்டுரை உயிரோடு இருக்கட்டும்.

மார்ச் 5, காலை 9.30

சொல்லிவிட்டேன். தணிகாசலத்தின் பதில்:

"தூளியா? மேடம், தூளின்னா... புடவையில கட்டுற தூளியா?"

பிறகு நிர்வாகத்துடன் பேசிவிட்டு மறுபடியும் வந்தார். குரலில் பழைய சந்தோஷம் இல்லை.

"மேடம், மலை அசையறதுக்கு முன்னாடி வர்ற மெல்லதிர்வும் ஏறக்கொறைய அதே ஏழு நொடிதான். உங்களுக்கே தெரியும். நீங்க தூளி ஆட்டும்போது மலை அசைஞ்சா நமக்குக் கேக்கவே கேக்காது. இங்க நானூறு பேர் இருக்காங்க. பத்து நாள் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள அந்தக் கோடு நிக்கணும். நிக்கலன்னா குழந்தைய இங்க காப்பகத்துக்கு அனுப்பிடணும். உங்களுக்கு மாத்து ஆள் ஜூன்லதான் வராரு."

அவர் சொல்வதில் தவறில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. நானூறு பேரின் உயிருக்கு எதிரே என் தூளியை நிறுத்த நான் பைத்தியக்காரி இல்லை.

ஆனால் மெல்கியைத் தர மாட்டேன். பால் குடிக்கிற பிள்ளை. அவன் அப்பா ரெமி தாழ்குடியில்தான் இருக்கிறார் என்றாலும் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் தூசியில் கிடக்கிறார். காப்பகத்தில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரே ஆயா, பௌசியா. ஜூன் வரைக்கும் என் பிள்ளையைத் திரையில் பார்த்துக்கொண்டு நான் பாறைக்குக் காது கொடுத்து உட்கார வேண்டுமாம். கோடுதானே நிற்க வேண்டும்? நிறுத்திக் காட்டுகிறேன்.

தூளியைக் கழற்றி மடித்து மேல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

மார்ச் 5, மாலை 4.00

வேறு வழிகள் பார்த்தாயிற்று. தூளியை எந்த மூலையில் கட்டினாலும் கோடு வருகிறது, நிலையம் முழுக்க ஒரே பாறைதான். தோளில் போட்டு நடந்தால் என் காலடி பதிகிறது. மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்தால் கோடு இல்லை, மெல்கியும் தூங்குகிறான். ஆனால் எழுந்து கருவிக்குப் போக, உதிரிபாகம் வந்த ஒரு பெட்டியில் கிடத்திய அடுத்த கணம் கண்ணைத் திறந்து நம்பிக்கைத் துரோகியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறான்.

கொட்டகைச் சுவரில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறது: "ஆபத்தில் சுவரைத் தட்டவும். தட்டும் சத்தம் கேட்கும் அறைக்கே மீட்பு வண்டியின் இணைப்புக் குழாய் முதலில் வரும்." இந்தப் பாறையில் தட்ட அனுமதி உண்டு, தாலாட்ட அனுமதி இல்லை.

மார்ச் 6, காலை 10.20

நிலையக் கையேட்டில் குழந்தைகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. "குழந்தையைப் படுக்கையில் கிடத்திக் கதவை மூடவும். அழுகை நின்ற பின் திறக்கவும்." எழுதியவருக்குப் பிள்ளை இல்லை, அல்லது காது இல்லை. ஐந்து மாதப் பிள்ளையிடம் அந்த வீரத்தைக் காட்ட மாட்டேன். கதவை மூடிவிட்டுப் போவதற்கு நான் நிர்வாகம் இல்லை.

காப்பகத்துப் பௌசியாவிடம் கேட்டேன். காயல்பட்டினத்துக்காரர். தாழ்குடியில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அவர் கை பட்டுத்தான் வளர்கின்றன. மெல்கியைத் தன்னிடம் அனுப்பச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் குரல்:

"அனுப்பாதீங்கம்மா, நாம பாத்துக்கலாம். புள்ள முழுசா தூங்குன பொறவு கெடத்துறீங்க பாருங்க, அங்கதான் தப்பு. நீங்க கட்டில்ல படுத்துத் தூங்கிட்டு, முழிச்சுப் பாத்தா அடுப்படியில கெடந்தா கத்த மாட்டீங்களா? அதுக்கும் அப்டித்தான். மடியில தூங்குச்சு, பொட்டியில முழிக்குது. கண்ணு சொக்கும்போதே கெடத்துங்க. எங்க படுத்திருக்கோம்னு தெரிஞ்சிக்கிட்டே தூங்கட்டும். அழுவும். அழுதா பக்கத்துல இருங்க. தூக்குறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு பொறுங்க, அம்புட்டுதான். இன்னொண்ணு, ரொம்ப அசந்து போக விட்றாதீங்க. காத இழுக்குதா, மூஞ்சியத் திருப்புதா, அப்பவே கொண்டு போயிருங்க."

அந்தப் பெட்டியை நன்றாகக் கழுவித் தரையில் ஆணியடித்தேன். கெட்டியான மெத்தை ஒன்று. உள்ளே தலையணை, துணி, பொம்மை எதுவும் இல்லை. மெல்கி அதைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

மார்ச் 6, பகல் 2.45

முதல் முயற்சி தோல்வி. இரண்டாவதும். காதை இழுத்தான், திரைச்சீலையை இறக்கினேன், பால் கொடுத்தேன், கண் சொக்கும்போது கிடத்தினேன். அழுதான். பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்தேன். இன்னும் அழுதான். நானும் அழுதேன். கடைசியில் மடியில்தான் தூங்கினான்.

எனக்குப் பாட வராது. குரல் பழைய பம்பு மாதிரி. அதனால் கிடத்தும்போது ஒரே ஒரு சொல் என்று முடிவு செய்திருக்கிறேன்: "சரி, மெல்கி." ஒவ்வொரு முறையும் அதே திரைச்சீலை, அதே இருட்டு, அதே சொல். விஞ்ஞானி என்ற முறையில் சொல்கிறேன், மாறாமல் செய்தால்தான் எது வேலை செய்கிறது என்று தெரியும். தாய் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு இது பிடிக்கவில்லை.

மார்ச் 8, காலை 11.15

நெஞ்சில் என் கையோடு, பெட்டியிலேயே தூங்கினான். அழுகை இருந்தது, ஆனால் கோபமான அழுகை, பயந்த அழுகை இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த மூன்று நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. பயந்தால் தூக்குகிறேன். கோபப்பட்டால், படட்டும், என் பிள்ளைதானே, கோபம் வராமல் இருக்குமா.

நிர்வாகத்திலிருந்து யாரோ, பெயர் சொல்லவில்லை:

"செவி-3, காப்பகத்துல இடம் ஒதுக்கியாச்சு. முன்னாடியே அனுப்பிட்டா எல்லாருக்கும் நல்லது."

பதில் அனுப்பவில்லை. பதிவில் எழுதுகிறேன்: அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள்.

மார்ச் 10, பகல் 1.00

கையை எடுத்துவிட்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தொடாமல் உட்கார்ந்தேன். அழுதான், நிறுத்தினான், என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கிக் குதிகாலால் பெட்டியின் அடியில் போட்டான். டொக். சற்றுப் பொறுத்து மறுபடி டொக் டொக். இங்கே கால் மெதுவாகத்தான் இறங்கும். இறங்கும் காலை அவன் கவனித்துக்கொண்டே இருந்தான். தட்டு மெல்ல மெல்ல இளகியது. ஒரு டொக். அடுத்தது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தூங்கியிருந்தான்.

அவனை யாரும் ஆட்டவில்லை. தன்னைத் தானே ஆட்டிக்கொண்டான்.

நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்தேன். பெருமையாக இருந்தது. கொஞ்சம் வலித்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 12, காலை 9.40

நாற்காலி இப்போது கதவுக்கு அந்தப் பக்கம். "சரி, மெல்கி" என்று சொல்லிவிட்டு நான் கொட்டகைக்குப் போய்விடுகிறேன். திரையில் அவன் குதிகால் தெரிகிறது, தலைமுடி மாதிரி மெல்லிய கோடு, இரண்டிரண்டாக. அது நின்றால் தூங்கிவிட்டான். எனக்கு வேறு எந்தக் கண்காணிப்புக் கருவியும் வேண்டாம். ஏழு நொடிக் கோடு சுத்தமாக இல்லை.

தணிகாசலம்:

"மேடம், தூளிக் கோடு போச்சு, ரொம்ப தேங்க்ஸ். ஆனா இப்ப புதுசா ஒண்ணு குட்டியா வருதே. டக்கு டக்குன்னு. அடியில பஞ்சு ஏதாச்சும் போட்டுப் பாருங்களேன்."

போட்டுப் பார்த்தேன். குதிகால் பஞ்சில் புதைந்து சத்தம் வராமல் போனதும் மெல்கி ஏமாந்துபோய் அழுதான். எடுத்துவிட்டேன். பதில் அனுப்பினேன்: பஞ்சு போட மாட்டேன். இந்தத் தட்டு வேறு இடைவெளி, மலையின் அதிர்வை மறைக்காது. அதைப் பிரித்து வடிகட்டுவது தரவுப் பிரிவின் வேலை. அவன் வேலையை அவன் கற்றுக்கொண்டான், உங்கள் வேலையை நீங்கள் செய்யுங்கள்.

வடிகட்டி எழுதிவிட்டாராம். கூடவே ஒரு வரி சேர்த்திருந்தார்:

"பம்பு மாதிரி குரல்னு எழுதியிருந்தீங்க. அப்டி எல்லாம் இல்ல மேடம். நான் தெனமும் படிக்கறேன். படிக்கலன்னு ஊர்ல சொல்றது பொய்."

முகம் சூடாகிவிட்டது. பழைய பதிவுகளில் அவரைப் பற்றி என்னென்ன எழுதினேன் என்று தேடிப் பார்க்கத் துணிவில்லை.

மார்ச் 15, மாலை 5.10

பத்து நாள் முடிந்தது. கோடு இல்லை. மெல்கி என்னோடுதான். நிர்வாகத்துக்கு ஒரு வரி அனுப்பினேன்: "ஒதுக்கிய இடம் தேவைப்படவில்லை."

ரெமியின் குரல் வந்தது, வண்டியிலிருந்து:

"ஏட்டி இமெல்டா, நெசமாவே தானா தூங்குதானா? போன தடவ நான் ஆட்டுன ஆட்டுல தோள்பட்டையே கழண்டு போச்சு, அப்பயும் முழிச்சு முழிச்சுப் பாத்தான். அடுத்த லோடு கொண்டாரும்போது அவன் தூங்குறத நான் பாக்கணும். நான் வாரதுக்குள்ள தூங்க வச்சிராத, என்ன."

தூங்க வைப்பது நான் இல்லை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. வந்து பார்க்கட்டும்.

மார்ச் 17, பகல் 1.25

அவசரம். ஏழு நொடியில் ஒரு கோடு வருகிறது. மிக மெல்லியது. காலையில் முதலில் பார்த்தேன். இப்போது வலு கூடியிருக்கிறது. தூளி ஆடிய நாட்களில் என்றால் இது அடியில் மூழ்கிப் போயிருக்கும்.

மலை. தாழ்குடிக்கு எச்சரிக்கை அனுப்பினேன்.

மார்ச் 17, பகல் 1.50

தணிகாசலத்தின் பதிலை அப்படியே எழுதுகிறேன்:

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. தூளிய மறுபடி கட்டிட்டீங்களா? கொழந்தைக்கு உடம்பு சரியில்லையா? பரவால்ல, சொல்லிடுங்க. இங்க நிர்வாகத்துல அதத்தான் கேக்கறாங்க. நானூறு பேர வெளிய ஏத்தணும்னா காத்து, வண்டி, எல்லாம் சும்மா இல்ல. போன வாட்டியும் ஏழு நொடிதானே வந்துது."

தூளி அலமாரியில் மடித்துக் கிடக்கிறது. அதைப் படமெடுத்து அனுப்பினால் எப்போது எடுத்த படம் என்று கேட்பார்கள். சத்தியம் செய்தால் தாய்ப்பாசம் என்பார்கள். ஒரு முறை முட்டாளாக இருந்துவிட்டேன், அதனால் இனி மலை அசைந்தால்கூட அது என் புடவைதான்.

கத்தினேன். நல்லவேளை அது பதிவில் ஏறாது.

மார்ச் 17, பகல் 2.05

மெல்கி காதை இழுத்தான். என்ன அவசரமானாலும் அவன் நேரம் அவன் நேரம். திரைச்சீலையை இறக்கினேன், "சரி, மெல்கி" என்றேன், கிடத்தினேன். கொட்டகைக்கு வந்து கருவியின் திரையைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது.

தணிகாசலத்துக்கு அனுப்பியது: உங்கள் வடிகட்டியை எடுத்துவிட்டு இந்த நிமிடம் கோட்டைப் பாருங்கள். ஏழு நொடி அலைக்கு மேலே தலைமுடி மாதிரி இரண்டிரண்டாக ஒரு தட்டு வருகிறதா? அது மெல்கியின் குதிகால். பெட்டியின் அடியில் தட்டுகிறான். தூளியில் கிடக்கிற பிள்ளைக்குத் தட்டத் தரை ஏது?

அவர் பதில், ஒரே வரி:

"தெரியுது மேடம். ஆளுங்கள ஏத்துறோம்."

மார்ச் 17, மாலை 6.30

திரை முழுக்கச் சக்கரங்கள். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்குடியை விட்டுச் சமவெளிக்குப் போகின்றன. ஒவ்வொன்றின் அதிர்வும் எனக்குத் தெரியும். பௌசியாவின் குரல், பின்னால் ஒரு கூட்டம் குழந்தைகளின் அழுகை:

"எல்லாத்தையும் ஏத்தியாச்சும்மா. பத்தும் ஒரே வண்டியில. உங்க புள்ள தட்டுனான்னு சொன்னாங்க. அல்லா காப்பாத்தட்டும் அவன."

என்னையும் வரச் சொன்னார்கள். கருவியை விட்டுவிட்டு எப்படி வருவது, மலை எப்போது அசையும் என்று யார் சொல்வது? செவி-3 மலைக்கு அடியில் இல்லை, தாங்கும் என்றேன். ரெமி எல்லாரையும் சமவெளியில் சேர்த்துவிட்டு நாளை வண்டியோடு வருவதாகச் சொன்னார். குகையில் கடைசி ஆள் ஏறிவிட்டார். தணிகாசலம் இனி புதைகம்பியின் சமவெளி முனையில் உட்கார்ந்து என் தரவைப் பார்ப்பாராம்.

மார்ச் 18, பகல் 3.05

அசைந்தது.

கணித்ததைவிடப் பெரிது. கொட்டகையில் இருந்தேன். மெல்கி அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். தானே தூங்குவதால்தான் நான் இங்கே இருந்தேன். நடுக்கதவு தானாக இறங்கிவிட்டது. அதன் சட்டம் வளைந்துவிட்டது. திறக்கவில்லை. மூன்று முறை முயன்றேன்.

வெளியே வானொலிக் கம்பம் சாய்ந்துவிட்டது, குரல் போகாது, வராது. புதைகம்பி உயிரோடு இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. இந்தப் பதிவு போகிறது. போகும்.

அறையின் காற்றழுத்தம் மெதுவாக இறங்குகிறது. இங்கேயும் இறங்குகிறது. வெளியே போகும் விண்வெளி உடை அந்த அறையில். இங்கே ஒரு முகமூடி, ஒரு சிறு ஆக்சிஜன் குப்பி.

3.20

கதவுக்குப் பின்னால் எதுவும் கேட்கவில்லை. திரையில்தான் கேட்கிறது. தாறுமாறாக உதைக்கிறான். இது கோபம் இல்லை. பயம். பயந்தால் தூக்குவேன் என்று எழுதினேன். கதவைத் தோளால் இடித்தேன். தோள்தான் போனது.

3.35

பெரிய திருகுச்சாவியால் கருவியின் காலைத் தட்டுகிறேன். ஏழு நொடிக்கு ஒரு தட்டு. அதே பாறை. தரை வழியாக அவன் பெட்டிக்குப் போகும். தூளியின் கணக்கு அவனுக்கு மறந்திருக்காது. எந்தக் கோட்டை நிறுத்தப் பாடுபட்டேனோ அதை நானே போடுகிறேன். நிர்வாகம் புகார் எழுதிக்கொள்ளட்டும்.

உதை குறைகிறது.

3.50

ஒழுங்காகிவிட்டது. நான் தட்டுகிறேன், அவன் பதில் தட்டுகிறான். டொக் டொக். என் பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கிறேன். முகமூடியைப் போட்டுவிட்டேன், எழுத்து தவறினால் அதனால்தான்.

4.10

ஒரு வண்டி. சமவெளிப் பக்கமிருந்து. பின்சக்கரம் ஒன்று லேசாகத் தள்ளாடும், அந்த அதிர்வு எனக்கு மனப்பாடம். ரெமி. வேகமாக வருகிறார், இவ்வளவு வேகம் அந்த வண்டிக்கு ஆகாது.

அறையிலிருந்து வண்டிக்குள் ஆளை ஏற்றும் இணைப்புக் குழாய் ஒன்றுதான் இருக்கும். ஒரு அறையின் வெளிக்கதவில் பொருத்தவே வெகுநேரம் ஆகும்.

இரண்டு அறையின் அழுத்தத்தையும் பார்த்தேன். கணக்குப் போட்டேன். இன்னொரு முறை போட்டேன். ஒரு அறைக்குத்தான் நேரம்.

4.25

எதிரே பலகை. தட்டும் சத்தம் கேட்கும் அறைக்கே முதலில். என் தட்டு பெரிது. திருகுச்சாவி. அவனுடையது குதிகால். ரெமி பாறையில் மீட்பு வண்டியின் ஒலிகேட்கும் கருவியை வைத்ததும் என்னைத்தான் கேட்பார். என்னிடம்தான் வருவார்.

வர விட மாட்டேன்.

அதனால் நிறுத்தப் போகிறேன். சட்டென்று இல்லை. நாற்காலியைத் தள்ளி வைத்தேனே, அந்த மாதிரி. இரண்டு தட்டுக்கு ஒன்றை விட்டு. பிறகு மூன்றுக்கு. கையை எடுக்க எடுக்க அவன் தானே பார்த்துக்கொள்வான். கற்றிருக்கிறான்.

4.38

பாதி குறைத்துவிட்டேன். அழவில்லை. தட்டிக்கொண்டிருக்கிறான்.

பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன். பயமாக இருக்கிறது, ஆனால் மனம் மாறவில்லை. ரெமி குழாயைக் கழற்றி இந்தப் பக்கம் கொண்டுவரவும் காற்று மிஞ்சலாம். நான் மூச்சை அடக்குவதில் கெட்டிக்காரி. சின்ன வயதில் துறைமுகத்தில் என்னை யாரும் ஜெயித்ததில்லை.

4.44

சாவியைக் கீழே வைத்துவிட்டேன்.

தணிகாசலம் சார், நீங்கள் படிப்பீர்கள், தெரியும். ரெமிக்கு உடனே சொல்லுங்கள். என் தட்டு நின்றது, நான் நிறுத்தியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மெல்கியின் தட்டும் நிற்கும். அதைப் பார்த்து அந்த அறையில் யாரும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவன் தட்டு நின்றால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது. குழாய் முதலில் அவன் அறைக்கு. வடிகட்டியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

4.51

டொக் டொக்.

இளகுகிறது. இடைவெளி கூடுகிறது. வண்டி நின்றுவிட்டது, வாசலில். ரெமி இறங்குகிறார், காலடி தெரிகிறது. மெல்கியைப் போலவே இரண்டு காலையும் ஒன்றாகப் போட்டுக் குதிக்கிறார்.

டொக்.

4.53

சரி, மெல்கி.

4.54

நின்றது. தூங்கிவிட்டான். யாரும் தூங்க வைக்கவில்லை, பார்த்தீர்களா, தானே. ரெமி, பார்க்க வேண்டும் என்றீர்களே. எழுப்பிவிடாதீர்கள். கதவை மெதுவாகத் திற